மானிட்டர் முதலில், கார்டு அப்புறம்

கேள்வி: அக்கா, ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். பி.இ. மூன்றாம் வருடம். சனி, ஞாயிறுகளில் மாமாவின் ஜவுளிக் கடையில் பில் போட்டுச் சேர்த்த 18,000 ரூபாய் கையில் இருக்கிறது. என் கம்ப்யூட்டரில் ரைசன் 5 5600 பிராசசர், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம். மானிட்டர் மட்டும் அப்பா ஆபீஸில் கழித்துக் கொடுத்த 22 இன்ச், 60 ஹெர்ட்ஸ். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஆடும்போது காட்டுக்குள் குதிரையில் போனால் 58 எஃப்பிஎஸ் (விநாடிக்கு 58 படம்) வருகிறது, செயின்ட் டெனி நகரத்துக்குள் நுழைந்தால் 44-க்கு இறங்கிவிடுகிறது. திரை வெட்டுப்பட்டுத் தெரிகிறது. வி-சிங்க் (மானிட்டர் புதுப்பிக்கும் நேரத்தோடு மட்டும் படத்தை மாற்றும் வசதி) போட்டால் வெட்டு போய்விடுகிறது, ஆனால் இழுக்கிறது. வாலரண்ட் விளையாட்டு மட்டும் 190 தாண்டி ஓடுகிறது. கம்ப்யூட்டர் கடைக்காரர், பழைய கார்டைக் கொடுத்துவிட்டு மேலே 15,000 போட்டு ஆர்எக்ஸ் 6600 எடு என்கிறார். கூடப் படிக்கும் நண்பன், 11,500-க்கு 24 இன்ச் 180 ஹெர்ட்ஸ் அடாப்டிவ் சிங்க் மானிட்டர் எடு என்கிறான். ‘நல்லா இருக்கிற மானிட்டரை எதுக்கு மாத்தணும்’ என்பது அம்மாவின் கேள்வி. நான் எதை எடுப்பது?

பதில்: தம்பி, மானிட்டரை எடுங்கள். உங்கள் கடிதத்தில் 58, 44 என்று இரண்டு எண்கள் இருப்பதால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன். இதே கேள்வியோடு எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் கார்டின் பெயர் இருக்கும், விலை இருக்கும், எஃப்பிஎஸ் இருக்காது. அது தெரியாமல் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது.

முதலில் கடைக்காரர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆர்எக்ஸ் 6600 உங்கள் கார்டைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடுதலாகத் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டில் 58 என்பது 77 ஆகும். உங்கள் மானிட்டர் ஒரு விநாடிக்கு 60 முறைக்கு மேல் படத்தை மாற்றாது. ஆக, 60-க்கு மேல் வரும் 17 படங்களுக்குக் கொடுத்த காசு கண்ணில் படாமலே போகும். சரி, நகரத்துக்குள்? 44 என்பது 58 அல்லது 59 ஆகும். அங்கேதான் உங்களுக்குத் தொல்லை, அங்கே அப்போதும் 60-ஐத் தொடாது. 15,000 ரூபாய் போட்ட பிறகும் செயின்ட் டெனியில் இதே வெட்டும் இழுப்பும் கொஞ்சம் குறைந்த அளவில் இருந்துகொண்டுதான் இருக்கும்.

அந்த வெட்டும் இழுப்பும் எங்கிருந்து வருகின்றன என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். உங்கள் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், நேரம் தவறாத டவுன் பஸ் மாதிரி. 16.7 மில்லி விநாடிக்கு ஒரு தடவை கிளம்பிவிடும், யாருக்காகவும் நிற்காது. கார்டு ஒவ்வொரு படத்தையும் வரைந்து முடிக்கும் நேரமோ ஒரே மாதிரி இருப்பதில்லை. வெறும் வானத்தைப் பார்த்தால் 12 மில்லி விநாடி, கூட்டமான தெருவைப் பார்த்தால் 22. வி-சிங்க் போடாவிட்டால், படம் பாதி வழியில் மாறிவிடும்: குடும்பத்தில் பாதிப் பேர் இந்த பஸ்ஸில், மீதிப் பேர் அடுத்த பஸ்ஸில் ஏறின கதை. திரையின் மேல் பாதியில் பழைய படம், கீழ் பாதியில் புதுப் படம். அதுதான் நீங்கள் பார்க்கும் வெட்டு. வி-சிங்க் போட்டால், 17 மில்லி விநாடி எடுத்துக்கொண்ட படம் ஒரு நூலிழையில் பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்த பஸ் வரும் வரை காத்து நிற்கும். ஒரு படம் திரையில் 16.7 மில்லி விநாடி இருக்கும், அடுத்தது 33.3 இருக்கும். கண்ணுக்கு அந்த ஒழுங்கின்மை உடனே தெரியும். எண்ணிக்கையில் 58 என்று காட்டினாலும் குதிரை தடுக்கித் தடுக்கி ஓடுவது அதனால்தான்.

அடாப்டிவ் சிங்க் மானிட்டர், வாசலில் உங்களுக்காக நிற்கும் ஆட்டோ. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் கிளம்பும். கார்டு படத்தை முடித்த அந்தக் கணத்தில் மானிட்டர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். 58 எஃப்பிஎஸ் வந்தால் மானிட்டரும் அந்த நேரத்தில் 58 ஹெர்ட்ஸ். 71 வந்தால் 71. வெட்டும் இல்லை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இழுப்பும் இல்லை.

எனக்கு இது கண்ணால் புரிந்தது 2019 ஜனவரியில். உங்கள் கார்டின் சிப்பைச் செய்யும் என்விடியா நிறுவனம், இதே வேலையைச் செய்யும் ஜி-சிங்க்கை 2013-இலேயே அறிவித்துவிட்டது, ஆனால் அதற்கு மானிட்டருக்குள் அவர்களுடைய தனி போர்டு வேண்டும். விலை நம் மாதிரி ஆட்களுக்கு எட்டாது. 2014-இல் மானிட்டர் கேபிள் இணைப்பான டிஸ்ப்ளேபோர்ட்டின் 1.2ஏ தரத்தில் அடாப்டிவ் சிங்க்கைச் சேர்த்தார்கள். போட்டி நிறுவனமான ஏஎம்டி அதன் மேல் ஃப்ரீசிங்க்கைக் கட்டியது. 2015-இல் அந்த மானிட்டர்கள் கடைக்கு வந்தன. தனி போர்டு தேவையில்லாததால் விலை குறைவு. ஆனால் என்விடியா கார்டு வைத்திருந்தவர்களுக்கு அது வெறும் ஸ்டிக்கர்தான். என்னிடம் அப்போது ஜிடிஎக்ஸ் 1060 இருந்தது, 144 ஹெர்ட்ஸ் ஃப்ரீசிங்க் மானிட்டரும் இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று பேசவில்லை. 2019 ஜனவரி 15-ஆம் தேதி வந்த டிரைவரில் என்விடியா அந்தக் கதவைத் திறந்துவிட்டது. 400 மானிட்டர்களைச் சோதித்ததில் 12 மட்டும் தேறின என்று சொன்னார்கள். என்னுடையது அந்தப் பன்னிரண்டில் இல்லை. இருந்தாலும் கண்ட்ரோல் பேனலில் டிக் போட்டுப் பார்த்தேன்.

விளையாட்டில் ஒரு தெருவிளக்குக் கம்பம் பக்கத்தில் நின்று பார்வையைச் சுற்றினேன். அதுவரை எப்போது திரும்பினாலும் அந்தக் கம்பம் இரண்டு இடத்தில் ஒடிந்து, கரும்புத் துண்டுகளைக் கோணலாக அடுக்கினது போல் தெரியும். இப்போது ஒரே கம்பமாக அப்படியே நகர்ந்து போனது. மூலையில் எண்ணிக்கை அதே 53, 55 என்றுதான் காட்டியது. கம்ப்யூட்டர் விளையாட்டில் ஆர்வமே இல்லாத என் தங்கையைக் கூப்பிட்டு, டிக்கை எடுத்தும் போட்டும் காட்டினேன். என்ன மாற்றம் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ‘இப்போ கண்ணு வலிக்கலை’ என்று மட்டும் சொன்னாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அந்த மானிட்டர் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு கார்டு இரண்டு முறை மாறிவிட்டது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். கார்டு மூன்று, நான்கு வருடத்தில் பழசாகிவிடும். நல்ல மானிட்டர் உங்கள் அடுத்த கார்டுக்கும், அதற்கடுத்த கார்டுக்கும் உழைக்கும். பழைய மானிட்டரும் வீணாகாது. மாமா கடையில் பில் போட வைக்கலாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மானிட்டர் புதிதாக ஒரு படத்தைக்கூட உருவாக்காது. நகரத்துக்குள் 44 என்பது 44 ஆகத்தான் இருக்கும். மவுஸை நகர்த்தியதும் பார்வை திரும்புவதில் உள்ள தாமதமும் 44-க்கு உரிய தாமதம்தான். சீராக இருக்கும், அவ்வளவே. ஆனால் வாலரண்டில் நடப்பது வேறு. 190 படம் வரைகிற கார்டு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, 60-ஐ மட்டும் காட்டுகிற மானிட்டர் மீதி 130-ஐ விழுங்கிக்கொண்டிருக்கிறது. 180 ஹெர்ட்ஸ் மானிட்டர் வந்ததும், நீங்கள் எப்போதோ காசு கொடுத்து வாங்கிய வேகம் முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரியும். இதனால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

வாங்குவதற்கு முன் காசு செலவில்லாமல் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ரெட் டெட்டில் தெளிவுத்திறனை 1600×900-க்குக் குறையுங்கள். முழு எச்டியில் 20.7 லட்சம் புள்ளிகள், இதில் 14.4 லட்சம். கார்டின் வேலை மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் குறைகிறது. ஆகவே புது கார்டு போட்டால் எவ்வளவு எஃப்பிஎஸ் வருமோ கிட்டத்தட்ட அது இப்போதே வரும். படம் மங்கலாகத்தான் இருக்கும், அதைப் பொருட்படுத்தாதீர்கள். நகரத்தில் கால் மணி நேரம் சுற்றுங்கள். இழுப்பு தீர்ந்த மாதிரி இருந்தால் கார்டு வாங்கலாம், என் பேச்சைக் கேட்க வேண்டாம். தீரவில்லை என்றால் 15,000 போட்டாலும் தீராது. குறைத்த பிறகும் எஃப்பிஎஸ் ஏறவே இல்லை என்றால், தடை பிராசசரில் இருக்கிறது. அப்போதும் கார்டு வீண். அடுத்து, அந்த நண்பன் வீட்டில் அடாப்டிவ் சிங்க் மானிட்டர் இருந்தால் உங்கள் சிபியுவைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டிப் பாருங்கள். ஒரு சாயங்காலம் போதும்.

இனி, எந்த மானிட்டர் என்ற விஷயம். 180 ஹெர்ட்ஸ் என்ற எண்ணைவிட, அடாப்டிவ் சிங்க் வேலை செய்யும் கீழ் எல்லை எவ்வளவு என்று கேளுங்கள். பெரும்பாலானவற்றில் 48 இருக்கும். 48 ஹெர்ட்ஸ் என்றால் 20.8 மில்லி விநாடி. அதற்கு மேல் மானிட்டர் காத்திருக்காது. உங்கள் 44 அந்த எல்லைக்குக் கீழே. ஆனாலும் பயமில்லை. மேல் எல்லை, கீழ் எல்லையைப் போல இரண்டு மடங்காவது இருந்தால், ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை காட்டி, 44-ஐ 88 ஹெர்ட்ஸாக ஓட்டிச் சமாளிக்கும் வசதி வந்துவிடும். 48-க்கு 96 போதும், உங்களுடையது 180.

பேனல், அதாவது திரையின் வகை, ஐபிஎஸ் ஆக இருக்கட்டும். விஏ பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் எஃப்பிஎஸ் ஏறி இறங்கும்போது இருட்டுக் காட்சிகளில் வெளிச்சம் துடிக்கிற தொல்லை அதில் அதிகம். ராத்திரி நேரத்தில் குகைக்குள் விளக்கோடு நடக்கும் இடங்களில் அது எரிச்சலாக இருக்கும். பெட்டியில் ‘ரெஸ்பான்ஸ் டைம்’ என்று போட்டிருக்கும் 1 மில்லி விநாடியை நம்பி விலை கூட்டிக் கொடுக்காதீர்கள். பல சமயம் பின்விளக்கை அணைத்து அணைத்துப் போடும் முறையில் வரும் கணக்கு அது. பெரும்பாலான மானிட்டர்களில் அந்த முறையும் அடாப்டிவ் சிங்க்கும் சேர்ந்து வேலை செய்யாது. கடையில் ‘இன்னும் கொஞ்சம் போட்டு 27 இன்ச் 1440பி எடுத்துக்கோ’ என்பார்கள். வேண்டாம். அதில் 36.9 லட்சம் புள்ளிகள். உங்கள் கார்டு இப்போது சுமப்பதைப் போல 1.78 மடங்கு. 44 வரும் இடத்தில் 30-ஐ ஒட்டி வந்து நிற்கும். 24 இன்ச் முழு எச்டி உங்கள் கார்டுக்குச் சரியான ஜோடி.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே பெட்டியைப் பிரித்து, முழுக் கறுப்பு, முழு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு படமாகப் போட்டுப் புள்ளி ஏதும் செத்திருக்கிறதா பாருங்கள். ஃபோனில் அந்தப் படங்களை முன்பே இறக்கி, பென் டிரைவில் கொண்டு போங்கள். பெட்டிக்குள் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் இருக்கிறதா என்றும் பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிள் மட்டும் வைக்கிறவர்கள் உண்டு. உங்கள் 1660 சூப்பரில் அடாப்டிவ் சிங்க் நிச்சயமாக ஓட டிஸ்ப்ளேபோர்ட் வழியாக மாட்டுங்கள். மானிட்டர் போக மீதி 6,500 இருக்கும். அதை அப்படியே வைத்திருங்கள். அடுத்த வருடம் கார்டு மாற்றும்போது உதவும்.

கேள்வி: திருநெல்வேலி. எனக்கு வயது 34, சொந்தமாக மருந்துக் கடை. ராத்திரி கடை அடைத்துவிட்டு வந்து ஒரு மணி நேரம் விளையாடுவேன். ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி. புது விளையாட்டுகளில் 26, 28 தான் வருகிறது, நடுவில் திடீர் திடீரென்று அரை விநாடி நின்று போகிறது. அடாப்டிவ் சிங்க் மானிட்டர் வாங்கினால் இந்த நிற்பது போய்விடுமா?

பதில்: போகாது சார். உங்களுக்கு கார்டுதான் வேண்டும். மேலே ஈரோட்டுத் தம்பிக்குச் சொன்ன பதில் உங்களுக்குப் பொருந்தாது. 26 எஃப்பிஎஸ் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 38 மில்லி விநாடி. மானிட்டர் அதை இரண்டு முறை காட்டி 52 ஹெர்ட்ஸாக ஓட்டினாலும் அதே படம்தான் மறுபடி வருகிறது. ஸ்லைடு ஷோ சீராக ஓடும், அவ்வளவுதான். அந்த அரை விநாடி நிற்பது வேறு நோய். 4 ஜிபி நினைவகத்துக்குள் அடங்காத படத்துணுக்குகளை (டெக்ஸ்சர்) கார்டு உங்கள் ராமிலிருந்து இழுத்துக்கொண்டு வரும் நேரம் அது. டெக்ஸ்சர் அளவை ‘மீடியம்’ அல்லது ‘லோ’வுக்கு இறக்கிப் பாருங்கள். நிற்பது நின்றுவிட்டால் நான் சொன்னதுதான் காரணம். விளையாட்டில் எஃப்எஸ்ஆர் (குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி) இருந்தால் அதை ‘குவாலிட்டி’யில் போடுங்கள், உங்கள் கார்டிலும் ஓடும். புது கார்டு வரும்வரை இவை இரண்டும் கைகொடுக்கும். வாங்கும்போது 8 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள்.

கார்டு வாங்குவதற்கு முன் கேபினட்டைத் திறந்து பவர் சப்ளையைப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 1650 வெறும் 75 வாட் கார்டு. பெரும்பாலானவற்றுக்குத் தனி மின்கம்பி வேண்டாம், மதர்போர்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆர்எக்ஸ் 6600 என்றால் 132 வாட், 8 பின் இணைப்பு வேண்டும். என் அத்தை மகனுக்கு இதே மாற்றத்தை நான்தான் செய்து கொடுத்தேன். கேபினட்டோடு சேர்ந்து வந்த பவர் சப்ளை. மேலே 450 வாட் என்று பெரிதாக அச்சடித்திருந்தது, 8 பின் கம்பி இல்லை. கடையில் 120 ரூபாய்க்கு ஒரு மாற்றுக் கம்பி கொடுத்து, இதை ஹார்டு டிஸ்க் கம்பியில் சொருகிக்கொள்ளுங்கள் என்றார்கள். சொருகினேன். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் விளையாடும்போது பட்டென்று அணைந்தது, அறையில் பிளாஸ்டிக் கருகின வாடை. திறந்து பார்த்தால் அந்தக் கம்பியின் வெள்ளை முனை பழுப்பாகி, ஒரு பின் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. கார்டு பிழைத்தது. அன்றிலிருந்து தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நல்ல நிறுவனத்தின் 550 வாட் பவர் சப்ளைக்கான காசையும் கார்டு விலையோடு சேர்த்தே எண்ணுங்கள். பட்ஜெட் மீறினால் இரண்டு மாதம் பொறுங்கள். மாற்றுக் கம்பி மட்டும் வேண்டாம்.

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து ஒரு அம்மா. பிளஸ் டூ படிக்கும் மகன் 7,000 ரூபாய்க்கு 75 ஹெர்ட்ஸ் ஃப்ரீசிங்க் மானிட்டர் கேட்கிறான். இது நல்லதா?

பதில்: பாடம் படிக்க, படம் பார்க்க நல்லதுதான் அம்மா. விளையாட்டுக்காக என்றால் ஃப்ரீசிங்க் என்ற பெயருக்காக வாங்க வேண்டாம். அந்த வகையில் பெரும்பாலும் 48-லிருந்து 75 வரைதான் வேலை செய்யும். 48-க்குக் கீழே போனால் படத்தை இரண்டு முறை காட்டிச் சமாளிக்க மேல் எல்லை 96 ஆவது இருக்க வேண்டும், இதில் இல்லை. அந்தச் சின்ன இடைவெளிக்குள் எஃப்பிஎஸ் நிற்பது கஷ்டம். இன்னும் மூவாயிரம், நாலாயிரம் சேர்த்து 144-க்குக் குறையாத ஐபிஎஸ் மானிட்டராகப் பரீட்சை முடிந்ததும் வாங்கிக் கொடுங்கள். கல்லூரி முடியும்வரை வேறு கேட்க மாட்டான்.

கேள்வி: சேலம். உங்கள் பேச்சைக் கேட்டு 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டேன். கார்டு ஆர்டிஎக்ஸ் 3060. பழையதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை, கலங்காதீர்கள். ஈரோட்டுத் தம்பியும் இதைப் படித்து வைத்துக்கொள்ளட்டும். விண்டோஸ் அதை இன்னும் 60-இலேயே ஓட்டிக்கொண்டிருக்கும்; புது மானிட்டர் மாட்டுகிறவர்களுக்கு அடிக்கடி நடப்பதுதான். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால் ரெஃப்ரெஷ் ரேட் இருக்கும், அதை 165 ஆக்குங்கள். 165 அந்தப் பட்டியலிலேயே இல்லை என்றால் எச்டிஎம்ஐயைக் கழற்றிவிட்டு டிஸ்ப்ளேபோர்ட்டில் மாட்டுங்கள். இப்போது மவுஸ் அம்பைத் திரையில் வட்டமாகச் சுற்றிப் பாருங்கள், அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம், மானிட்டரின் கீழே உள்ள பட்டனை அழுத்தி அதன் மெனுவில் அடாப்டிவ் சிங்க் அல்லது ஃப்ரீசிங்க்கை ஆன் செய்யுங்கள். பலவற்றில் அது அணைந்த நிலையில்தான் வரும். அதே மெனுவில் ஓவர்டிரைவை (புள்ளிகள் நிறம் மாறும் வேகத்தைக் கூட்டும் வசதி) நடுத்தரத்தில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால் எஃப்பிஎஸ் இறங்கும் நேரத்தில் ஓடும் பொருளுக்குப் பின்னால் வெளிறிய நிழல் இழுக்கும். பிறகு என்விடியா கண்ட்ரோல் பேனலில் ‘செட் அப் ஜி-சிங்க்’ பக்கத்தில் டிக். கடைசியாக, அதிகபட்ச எஃப்பிஎஸ்ஸை 162 என்று கட்டிவிடுங்கள். 165-ஐத் தாண்டினால் அடாப்டிவ் சிங்க் கையை விட்டுவிடும், வெட்டு திரும்பிவிடும். இத்தனையும் செய்து, ஒரு கம்பத்தையோ கதவு நிலையையோ பார்த்தபடி மெதுவாகச் சுற்றுங்கள். அப்போதும் அது ஒடிந்து தெரிந்தால் மானிட்டர் மாடலையும் கேபிள் மாட்டிய இடத்தின் படத்தையும் அனுப்பி வையுங்கள், அடுத்த இதழில் பார்த்துச் சொல்கிறேன்.